மூப்பர் என்றால் நிர்வாகக் குழு மட்டும்தானா?

கிறிஸ்தவச் சபையின் மூப்பர்களை அதன் நிர்வாகக் குழு என்று நான் படித்த கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது வருத்தமாக இருக்கிறது. பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 20-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அப்போஸ்தலர் பவுல் எபேசு நகரச் சபையின் மூப்பரை மிலேத்து என்ற ஊருக்கு வரவழைக்கிறார். ஒருவரை அல்ல, பலரை. அவர்களிடம் கணக்கு வழக்கு கேட்கவில்லை, மந்தையைக் காக்கச் சொல்கிறார். அதே ஆட்களைத்தான் 28-ஆம் வசனத்தில் கண்காணிகள் என்கிறார். 'பிஷப்' என்ற சொல் பிறந்ததும் 'கண்காணி' என்பதற்கு மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல்லிலிருந்துதான். பிரியும்போது எல்லாரும் பவுலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பார்க்க முடியுமா?

அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது எங்கள் சபை மூப்பர் ஒருவர் வேலை முடிந்து பஸ் பிடித்து வருவார். சட்டைப் பையில் கைக்குட்டை சுற்றிய சின்ன எண்ணெய்ச் சீசா இருக்கும். யாக்கோபு 5:14 சொல்கிறபடி நெற்றியில் பூசி ஜெபிப்பார். அம்மாவுக்குப் பேச்சு நின்றுபோன பிறகும் வந்தார். இப்போது அதே பொறுப்புக்கு அணி சேர்த்துத் தேர்தல் நடக்கிறது. ஓட்டுக் கேட்டு வீட்டுக்கு வருகிறவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்கிறேன்: கடைசியாக எந்த நோயாளியைப் போய்ப் பார்த்தீர்கள், ஐயா?