லேப்டாப் மட்டும் போதாது

இணையவழி சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் மனநலப் பேச்சு சிகிச்சை) தர லேப்டாப்பும் பட்டமும் போதும் என்கிறது ஒரு கட்டுரை. தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்துக் கிராமங்களில் முதலில் இடிப்பதே தனியாகப் பேச இடம் கிடைக்காததுதான். ஒரே கூடம், பக்கத்தில் மாமியார். சிகிச்சை பெறுபவர் இயர்போன் போட்டால் நம் குரல்தான் மறையும். அவர் பேசுவது வீடு முழுக்கக் கேட்கும். யாராவது வந்துவிட்டால் சொல்ல ஒரு சங்கேதச் சொல்லை முதல் அமர்விலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு முறையும் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் சம்மதத்தோடு, அவசரத்துக்கு ஒரு உறவினர் எண்ணும் வேண்டும். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்விப் படிவத்தில் 27க்கு 6தான் வந்தது என்று நிம்மதி அடையாதீர்கள். தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்வியில் 1 விழுந்தாலே அன்றைக்கு அதைத்தான் முதலில் பேச வேண்டும். அரசின் மனநல உதவி தொலைபேசிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணும் அவர் கையில் இருக்கட்டும்.

வீட்டுப்பாடம்தான் அதிகம் கோட்டைவிடும் இடம். ஏழு கட்டம் போட்ட எண்ணப் பதிவேட்டைப் பிடிஎஃப்பாக அனுப்பினால் சின்ன போனில் யார் நிரப்புவார்கள்? நடந்தது என்ன, மனதில் ஓடியது என்ன, உணர்ச்சி 100க்கு எவ்வளவு, இந்த மூன்று மட்டும் வாட்ஸ்அப் குரல் பதிவாக வந்தால் போதும். அந்த எண்ணத்துக்கு ஆதாரம் உண்டா என்று அலசுவது அமர்வில் சேர்ந்து செய்கிற வேலை. போன் வீட்டுக்கே பொது என்றால் குரல் பதிவும் ஆகாது, நோட்டுதான். குறுவை நடவு நேரத்தில் 'காலை 6 மணிக்கு நடைப்பயிற்சி' என்று அட்டவணை எழுதிக் கொடுப்பவர்களை என்ன சொல்வது!