26 வாரம் லீவ் எல்லாருக்கும் கிடையாதுங்க

மேல ஒருத்தர் போட்டிருக்கார், இந்தியா ஐஎல்ஓவோட (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) மகப்பேறு ஒப்பந்தத்தை ஏத்துக்கிட்ட நாடு, அதனால எந்த வேலைல இருந்தாலும் பொண்ணுங்களுக்கு சம்பளத்தோட 26 வாரம் லீவ் உண்டுன்னு. நிறைய பேர் ஷேர் பண்றாங்க, அதான் சொல்றேன், அது சரியில்லங்க. 2000ல வந்த அந்த 183ஆம் எண் மகப்பேறு ஒப்பந்தத்தை இந்தியா இன்னும் ஏத்துக்கலை. அந்த ஒப்பந்தம் கேக்குறது 14 வாரம்தான், நம்ம 26 வாரம் நம்ம மகப்பேறு சட்டத்துக்கு 2017ல செஞ்ச திருத்தத்துல வந்தது. வாரக் கணக்குல நாம மேலதான், ஆனா யாருக்குன்னு பாத்தாதான் வித்தியாசம் தெரியும், ஒப்பந்தம் வேலைக்குப் போற எல்லாப் பொண்ணுங்களையும் சொல்லுது, நம்ம சட்டத்துல கடைன்னா 10 பேராவது வேலை பாக்கணும், அதுவும் முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை செஞ்சிருக்கணும். ஆறு பேர் நிக்கிற ஜவுளிக்கடைல சேல்ஸ் பாக்குற பொண்ணுக்கோ வீட்டு வேலைக்குப் போற அக்காவுக்கோ இந்த 26 வாரம் தானா வராது, அவங்ககிட்ட போய் உனக்கு உரிமை இருக்கு கேளுன்னு சொல்லி வேலைய இழக்க வச்சிடாதீங்க ப்ளீஸ்.

செக் பண்றது ஈஸி. ஐஎல்ஓவோட நார்ம்லெக்ஸ் சைட்ல இந்தியாவ செலக்ட் பண்ணா ஏத்துக்காத ஒப்பந்தங்கள் லிஸ்ட் வரும், அதுல 183 இருக்கும். 10 பேர் கணக்கு 2025 நவம்பர் வரைக்கும் நடப்புல இருந்த 1961 மகப்பேறு சட்டம் பிரிவு 2ல, 80 நாள் பிரிவு 5ல இருந்தது. அரசோட சட்டங்கள் இருக்கிற இந்தியா கோட் சைட்ல ஃப்ரீயாவே படிக்கலாம். அதுக்குப் பதிலா இப்போ நடப்புல இருக்கிற 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புலயும் இதே 10 பேர், இதே 80 நாள்தான்.