சமன்பாட்டை உடைக்கச் சொல்லாதீர்கள்

மூன்று வருடம் போட்ட கணக்கு. துகள்கள் ஒன்றோடொன்று வினைபுரிவதைக் கணக்கிட உதவும் ஃபைன்மன் வரைபடங்களை ஒவ்வொன்றாகக் கூட்டி வந்த சமன்பாடு, பக்க அகலத்துக்கு அழகாக உட்கார்ந்திருந்தது. கட்டுரையை அனுப்பும்போதே ஆய்விதழ் கேட்கும் இரட்டைப் பத்தி வார்ப்புருவில் போட்டதும் விளிம்பைத் தாண்டி ஓடிவிட்டது. ஏழு வரியாக உடைத்தேன். எந்த முடிவிலி எதனோடு அடிபட்டுப்போகிறது என்பது இப்போது கண்ணுக்கே தெரியவில்லை. கட்டுரையின் உயிரே அதுதானே!

சரி என்று பதிவேற்றினால், என் கணினியில் ஒழுங்காக ஓடிய லாடெக் (சமன்பாடுகளை அச்சுக்கோக்கும் மென்பொருள்) கோப்பு அவர்கள் சர்வரில் பிழை காட்டுகிறது. படங்களைத் தனியாக ஏற்று, மேற்கோள் பட்டியலை மாற்று, மறுபடி முதலிலிருந்து. இரவு இரண்டு மணி ஆகிவிட்டது.

இதழில் வரும் முன்பே கட்டுரைகளை இலவசமாகப் படிக்கத் தரும் ஆர்க்சைவ் இணையதளம் 1991இலிருந்து இருக்கிறது. எங்கள் துறையில் முதலில் படிப்பது அங்கேதான். சில இதழ்கள் ஆர்க்சைவ் எண்ணைக் கொடுத்தாலே கோப்பைத் தாங்களே எடுத்துக்கொள்கின்றன. பிறகு ஏன் கட்டுரையை மதிப்பிடும் நடுவர் படிக்கும் முன்பே இந்த வார்ப்புரு? கட்டுரையை ஏற்றுக்கொண்ட அப்புறம் கேளுங்கள், ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்து தருகிறேன். நடுவர் பேனாவோடு சரிபார்க்கும்போது அந்தச் சமன்பாடு முழுசாகத் தெரியட்டும்.