ஸ்பேனர் உள்ளே, நான் வெளியே

பைக் சீட்டுக்கு இப்படி ஒரு பூட்டு வைத்தவர் யாராக இருந்தாலும் சரி, அவரை என் பழைய வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். கையில் சாவி மட்டும்தான் தருவேன். "திறங்க சார்" என்று சொல்லிவிட்டு நான் போய் நிழலில் உட்கார்ந்துகொள்வேன்.

சாவி என்னவோ நன்றாகத்தான் சுற்றுகிறது. அந்த 'டக்' சத்தம்தான் வரவில்லை. சாவி போடுகிற ஓட்டை இடது பக்கம், கொக்கி சீட்டுக்கு அடியில் பின்னால். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு மெலிசான கேபிள். மழைத் தண்ணீர் உறைக்குள் இறங்கி, துருப்பிடித்து, இழை இழையாக விட்டுக்கொண்டே வந்து ஒரு நாள் மொத்தமாக அறுந்துவிடும். வாட்டர் சர்வீஸில் லாக் ஓட்டைக்கு நேராகவே பிரஷர் பம்பைப் பிடித்து அடிக்கிறார்களே, அந்தப் புண்ணியவான்களுக்கும் இதில் பங்கு உண்டு.

பழைய வண்டி, கேபிள் அறும். அதில் எனக்குக் கோபமே இல்லை. உள்ளே இருக்கும் கம்பி முனையைப் பிடித்து இழுக்க சைடு கவரைக் கழற்ற வேண்டும். கவருக்கு ஒரு ஸ்க்ரூ வெளியே. இன்னொன்று? சீட்டுக்கு அடியில்! அதைக் கழற்றக் கொடுத்த டூல் கிட்? அதுவும் சீட்டுக்கு அடியில்! பீரோ சாவியை பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டினால் நம் வீட்டில் திட்டு விழும். இவர்கள் அதற்கு டிசைன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த லட்சணத்தில் தெருவில் போகிறவர்கள் எல்லாம் ஆலோசனை. "ஓங்கி ஒரு குத்து குத்துங்கண்ணே." "எண்ணெய் விட்டீங்களா?" அறுந்த கேபிளை எண்ணெய் ஒட்டவைக்குமா தம்பி? இன்னொருவர் வந்து சீட்டை மேலே தூக்கித் தூக்கி இழுக்கிறார். தூக்கினால் கொக்கி இன்னும் இறுகத்தான் செய்யும். கேபிள் அறாமல் வெறுமனே இறுகியிருந்தால், ஒருவர் சீட்டின் பின்பக்கத்தை நன்றாகக் கீழே அழுத்திக்கொள்ள, இன்னொருவர் சாவியைத் திருப்ப வேண்டும். பாரம் குறைந்ததும் பெரும்பாலும் கொக்கி விட்டுவிடும். அமுக்குங்கள் என்றால் ஒருத்தரும் கேட்பதில்லை.

அறுந்துவிட்டால் தரையில் மல்லாக்கப் படுக்க வேண்டியதுதான். பின் மட்கார்டு இடுக்கில் செல்போன் வெளிச்சத்தை அடித்து, நீளமான ஸ்க்ரூ டிரைவரால் கொக்கியைத் தள்ளப் பார்த்தேன். கண்ணில் மண் விழுந்ததுதான் மிச்சம். கடைசியில் சைடு கவரை நெம்பி, அந்தச் சந்துக்குள் நோஸ் பிளையரை விட்டு, நீட்டிக்கொண்டிருந்த கம்பி நுனியைப் பிடித்து இழுத்ததில் திறந்தது. விரலில் தோல் போனது. கவரின் காது ஒடிந்தது. இந்த மாடலுக்கு அதே கலரில் கவர் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புதுக் கேபிள் போட்டாயிற்று. அதை நம்பாமல் கொக்கியில் தனியாக ஒரு கம்பியும் கட்டி, நுனியை மட்கார்டு ஓரமாக ஒளித்து விட்டிருக்கிறேன். "திருடன் இழுத்தாலும் திறந்துக்குமே சார்" என்கிறார் மெக்கானிக். திறக்கட்டும். உள்ளே இருப்பது துருப்பிடித்த ஸ்பேனரும் போன வருட இன்சூரன்ஸ் ஜெராக்ஸும்தான்.