3,667 புள்ளிகளில் அப்பாவின் பங்கு

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பீட் மாராவிச் பேச்சு வந்தாலே, "அப்போது மூன்று புள்ளிக் கோடு இருந்திருந்தால்..." என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்தக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி; அவர் காலத்தில் அது கிடையாது. அந்தக் கற்பனைக் கணக்கு எனக்கு அலுத்துவிட்டது. நடந்ததே போதாதா? லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக 1967 முதல் 1970 வரை 83 ஆட்டங்களில் 3,667 புள்ளிகள். சராசரி 44.2! முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக்கூடாது என்பது அன்றைய விதி. ஆகவே மூன்றே சீசன்கள்.

என்னை உறுத்துவது வேறொரு எண். ஆட்டத்துக்குச் சராசரியாக 38 முறை அவர் கூடையை நோக்கிப் பந்தை எறிந்திருக்கிறார். அதில் பாதிக்கும் மேல் உள்ளே விழவில்லை. வேறு எந்தப் பயிற்சியாளராக இருந்தாலும் பத்தாவது தவறிலேயே பெஞ்சில் உட்காரவைத்திருப்பார். இங்கே பயிற்சியாளர் பிரெஸ் மாராவிச், பெற்ற தகப்பன். சின்ன வயதிலிருந்து பந்தும் கையுமாக வளர்த்த மகனுக்காகவே ஆட்டமுறையை வகுத்தார். கூட ஆடிய நால்வரும் மனதுக்குள் என்ன சொல்லிக்கொண்டார்களோ!

இன்னொரு வேடிக்கை. 2023இல் டெட்ராய்ட் மெர்சி பல்கலைக்கழகத்தின் அன்டோயின் டேவிஸ் 3,664 புள்ளிகளோடு நின்றார், பீட்டைவிட மூன்றே புள்ளி குறைவு. ஐந்து சீசன்கள், 144 ஆட்டங்கள், மூன்று புள்ளிக் கோடும் உண்டு. அவருக்கும் பயிற்சியாளர் அப்பாதான்.

அப்படியானால் எல்லாம் வீட்டுச் சலுகையா? அதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பீட் முதலாண்டு அணியில் இருந்தபோது பிரதான அணி 3 வென்று 23 தோற்றது. அவருடைய கடைசி சீசனில் 22 வென்று 10 தோற்றது. தேசியச் சாம்பியன் போட்டிக்கு ஒருமுறைகூடப் போகவில்லை என்பது குறைதான். ஆனால் பழைய படச்சுருள்களைப் பாருங்கள். தொளதொளவென்று கணுக்காலில் சரிந்த சாம்பல் நிறக் காலுறை, பார்வை ஒரு பக்கம், முதுகுக்குப் பின்னால் போகும் பந்து இன்னொரு பக்கம். தடுக்க வந்தவர் வெறும் காற்றைத் தடுத்துக்கொண்டிருப்பார். இதை எந்த அப்பாவும் சிபாரிசில் வாங்கித் தர முடியாது.

பிறகு தொழில்முறை ஆட்டம். 1976-77இல் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அணிக்காகச் சராசரி 31.1, அந்த ஆண்டு அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டித் தொடரான என்.பி.ஏ.வில் அதுவே முதலிடம். நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக ஒரே இரவில் 68. பெஞ்சில் அப்பா இல்லை. எறிந்ததும் ஆட்டத்துக்குச் சுமார் 28 முறைதான். என் கணக்கில் திறமை முழுக்க மகனுடையது. மீதிப் பத்து எறிதல்கள் பிரெஸ் மாராவிச்சின் பெயரில் எழுதப்பட வேண்டியவை.