பாடகர் ஒதுங்கி நின்ற பாட்டு

குயின்ஸ்ரைக் குழுவின் 'அமெரிக்கன் சோல்ஜர்' ஆல்பத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன வாரம் ஒரு நண்பர், ராக் இசையை என்னைவிடப் பல மடங்கு ஆழமாகக் கேட்டவர், "ராணுவத்துக்கு ஆள் சேர்க்கிற விளம்பரம் மாதிரி இருக்கே, அதை எப்படிக் கேக்கற?" என்று கேட்டார். அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. ராத்திரி வந்து மறுபடியும் முதல் பாட்டிலிருந்து கடைசி வரை கேட்டேன். இப்போது சொல்ல முடியும் என்று தோன்றுகிறது.

குழுவைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலை ஒட்டியிருக்கும் பெல்வியூவில் தொடங்கிய குழு. 1988ல் வந்த 'ஆபரேஷன்: மைண்ட்க்ரைம்' இன்றைக்கும் மெட்டல் என்ற அதிரடி ராக் இசையின் ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் ஆல்பம், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே கதை, போதைக்கு அடிமையான ஓர் இளைஞனை அரசியல் கொலைகளுக்குக் கருவியாக்குகிறார்கள். கதை சொல்வது இவர்களுக்குப் புதிதில்லை. ஆனால் 2009 மார்ச்சில் 'அமெரிக்கன் சோல்ஜர்' வந்தபோது கதை கற்பனையாக இல்லை. ஈராக் போர் தொடங்கி ஆறு வருஷம் ஆகியிருந்தது, ஆப்கானிஸ்தான் போர் தொடங்கி ஏழு வருஷம் தாண்டியிருந்தது, இரண்டுமே முடிகிற வழியாக இல்லை.

குழுவின் அப்போதைய பாடகர் ஜெஃப் டேட்டின் அப்பா ராணுவத்தில் இருந்தவர். கொரியா, வியட்நாம் இரண்டு போர்களையும் பார்த்தவர். டேட் இரண்டாம் உலகப் போரிலிருந்து ஈராக் வரை வெவ்வேறு போர்களுக்குப் போய்வந்த வீரர்கள் பலரைத் தேடிப் போய்ப் பேட்டி எடுத்தார். அவர்கள் சொன்னதிலிருந்து பாட்டு எழுதினார், சரி, அதை யாரும் செய்வார்கள். இவர் அந்தப் பேட்டி ஒலிப்பதிவுகளையே எடுத்துப் பாட்டுக்குள் வைத்துவிட்டார். மொத்தம் 12 பாட்டு, பயிற்சி முகாமில் அதட்டி எழுப்புகிற 'ஸ்லிவர்' தொடங்கி.

இரண்டாவது பாட்டு 'அன்அஃப்ரெய்ட்'. நான் இதை எழுதுவதே அந்த ஒரு பாட்டுக்காகத்தான் என்றுகூடச் சொல்வேன். அதில் சரணம் என்று எதுவும் பாடப்படவில்லை. கிட்டாரும் டிரம்ஸும் போய்க்கொண்டிருக்கும்போது அதன் மேல் வீரர்கள் பேசுகிறார்கள், சாதாரணமாக, நம் எதிரில் உட்கார்ந்திருப்பது போல. வாக்கியம் பாதியில் நிற்கும். மூச்சு வாங்குவது கேட்கும். டேட் பல்லவிக்கு மட்டும் வருவார், பாடுவார், போய்விடுவார். ராக் உலகத்திலேயே பெரிய குரல் வளம் உள்ளவர்களில் ஒருவர், எந்த உச்சத்துக்கும் போகக்கூடியவர், அவர் தன் பாட்டின் முக்கால்வாசியை இன்னொருவர் வாய்க்கு விட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆள்மேல் மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

போர்ப் பாட்டுகள் எத்தனையோ இருக்கின்றன. பெரும்பாலும் ஒரு கவிஞர் வீரனுக்காகப் பேசுவார். வீரன் என்ன நினைத்திருப்பான், சாகும்போது யாரைக் கூப்பிட்டிருப்பான், எல்லாம் கவிஞரே முடிவு செய்துவிடுவார். அதில் நல்ல பாட்டும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் சண்டைக்குப் போய் வந்த ஒருவர் தன் வாயால் பேசும்போது அழகான உவமை எதுவும் வருவதில்லை. சுற்றி வளைத்து வருவார், முக்கியமான இடம் வந்ததும் குரல் சட்டென்று தட்டையாகிவிடும். அந்தத் தட்டையான குரலை எந்தப் பாடகராலும் நடித்துக் காட்ட முடியாது. டேட்டுக்கே முடியவில்லை, அதே ஆல்பத்தில் அவர் வீரனாக மாறி நடிக்க முயலும் 'மிடில் ஆஃப் ஹெல்' மாதிரிப் பாட்டுகள் எனக்கு வெறும் பாட்டாகத்தான் கேட்கின்றன.

'ஹண்ட்ரட் மைல் ஸ்டேர்', அதாவது நூறு மைல் பார்வை, என்ற பாட்டின் தலைப்புக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அமெரிக்க ஓவியர் டாம் லீ 1944ல் பசிபிக் கடலின் பெலெலியூ தீவுச் சண்டையை நேரில் பார்த்துவிட்டு ஒரு மரீன் வீரரின் முகத்தை வரைந்தார். கண் நேராக நம்மைத்தான் பார்க்கும், ஆனால் நம்மைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். ஈராயிரம் கஜப் பார்வை என்பது அந்த ஓவியத்தின் பெயர். முதல் உலகப் போரில் இதே நிலையை 'ஷெல் ஷாக்' என்றார்கள், குண்டு வெடித்த அதிர்ச்சி என்று. அமெரிக்க மனநல மருத்துவர்களின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் பி.டி.எஸ்.டி., அதாவது பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய், என்ற பெயர் ஏறியது 1980ல்தான், வியட்நாமிலிருந்து திரும்பிய ஒரு தலைமுறையே சிதைந்த பிறகு. டேட் அந்தக் கஜக் கணக்கை மைல் கணக்காக்கிவிட்டார். வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருக்கும் அப்பா நூறு மைலுக்கு அந்தப் பக்கம் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு அது என்ன என்று தெரியாது. அந்தப் பிள்ளையாகத்தான் டேட் இந்த ஆல்பத்தைச் செய்திருக்கிறார் என்று நான் நம்புகிறேன்.

இதோடு சேர்த்து வைத்துக் கேட்க வேண்டியது பிங்க் ஃப்ளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் 'தி ஃபைனல் கட்' ஆல்பம், 1983. அதன் பாட்டுகளை எழுதிய ரோஜர் வாட்டர்ஸின் அப்பா எரிக் ஃப்ளெட்சர் வாட்டர்ஸ் 1944 பிப்ரவரியில் இத்தாலியின் ஆன்ஸியோவில் கொல்லப்பட்டார். ரோஜருக்கு அப்போது ஐந்து மாதம். முகம் நினைவில் இருக்க வழியே இல்லை. அந்த ஆல்பம் அப்பாவுக்குத்தான் சமர்ப்பணம், அதில் கொதிக்கும் கோபம் முழுக்க ஆட்களை அனுப்பி வைத்தவர்கள் மேல், அதுவும் 1982ல் பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடந்த ஃபாக்லாந்து போர் முடிந்த சூட்டில். அப்பா திரும்பி வராத மகன் செய்தது அது. 'அமெரிக்கன் சோல்ஜர்' அப்பா திரும்பி வந்த மகன் செய்தது. வாட்டர்ஸுக்குக் கேட்க ஆளே இல்லை, அதனால் கத்துகிறார். டேட்டுக்குக் கேட்க ஆள் இருக்கிறார், அதனால் மைக்கை நீட்டுகிறார். இசையாகப் பார்த்தால் 'தி ஃபைனல் கட்' எவ்வளவோ உயரத்தில் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதில் வீரன் ஒரு நினைவு. இதில் அவன் மூச்சு விடுகிறான்.

நம் மரபில் போரில் விழுந்தவனுக்கு நடுகல் நட்டார்கள். பேர் பொறித்தார்கள், மயிற்பீலி சூட்டிக் கள் படைத்தார்கள். உயிரோடு திரும்பி வந்து ராத்திரி தூங்க முடியாமல் புரண்டு கிடந்தவனுக்கு எந்தக் கல்லும் கிடையாது. எல்லா நாட்டிலும் இதே கதைதான் போல. செத்தவனைப் பாடுவது சுலபம், அவன் எதிர்த்துப் பேச மாட்டான்.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. பேட்டி கொடுத்தவர்கள் எல்லாரும் அமெரிக்க வீரர்கள். இந்தப் போர்கள் வியட்நாம் கிராமங்களின் மேலும் ஈராக்கின் தெருக்களிலும் நடந்தவை, அங்கே இருந்தவர்கள் இந்த ஆல்பத்தில் வாய் திறக்கவில்லை. 'அட் 30,000 ஃபீட்' மட்டும் அந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறது. குண்டுவீச்சு விமானத்தில் இருப்பவன், ஒன்பது கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்க்கிறான். அங்கிருந்து பார்த்தால் முகம் தெரியாது, சத்தம் கேட்காது, தான் செய்ததன் அளவு அவனுக்கு வந்து சேரவே இல்லை. அந்த உயரமே பாட்டின் குற்றவுணர்ச்சி. நான் இதை ஆல்பத்தின் இரண்டாவது சிறந்த பாட்டு என்பேன். ஆனாலும் 12 பாட்டில் ஒன்று போதாது. கீழே இருந்த ஒருவரின் குரல் ஒரு நிமிஷம் கேட்டிருந்தால் இந்த ஆல்பம் வேறு ஒன்றாக ஆகியிருக்கும். இந்தக் குறையை நான் மழுப்ப மாட்டேன்.

ஆனால் விளம்பரம் என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. ஆள் சேர்க்கிற விளம்பரத்தில் வெற்றி இருக்கும், கொடி இருக்கும், ஓடி வந்து கட்டிப்பிடிக்கும் குடும்பம் இருக்கும். இதில் 'இஃப் ஐ வேர் கிங்' இருக்கிறது, நண்பனைப் பறிகொடுத்துவிட்டுத் தான் மட்டும் மிஞ்சியிருப்பதைத் தாங்க முடியாதவனின் பாட்டு. அதைக் கேட்டுவிட்டு ராணுவத்தில் சேரலாம் என்று யாருக்காவது தோன்றும் என்று நான் நம்பத் தயாராக இல்லை. போர் சரியா தப்பா என்று டேட் தீர்ப்பு எழுதவில்லை, அது உண்மை. அதைத்தான் நண்பர் கோழைத்தனம் என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போரை வெறுக்கிற நான், போர் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை அவன் வாயால் கேட்க மறுத்தால் என் வெறுப்புக்கு என்ன ஆதாரம்? செய்தித்தாளா? அமெரிக்காவில் 1973லேயே கட்டாய ராணுவச் சேர்க்கை நின்றுவிட்டது. அதற்கப்புறம் போருக்குப் போகிறவர்கள் மக்கள்தொகையில் ஒரு சின்னப் பகுதி, மற்றவர்களுக்கு அது டிவியில் ஓடுகிற செய்தி. அந்த இடைவெளியை நிரப்பப் பார்க்கிற ஒரு ராக் குழுவைப் பிரசாரகர் என்று ஒதுக்கிவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பழைய ரசிகர்களின் குறையும் தெரியும். கிட்டார் பின்னால் போய்விட்டது, கிட்டார் வாசித்த கிரிஸ் டிகார்மோ விலகிப் போன பிறகு இந்தக் குழுவுக்கு மெட்டு வரவில்லை, எல்லாப் பாட்டும் ஒரே வேகத்தில் நகர்கிறது. சரி, இருக்கலாம். நடுவில் இரண்டு பாட்டு எனக்கும் இழுவைதான். 'மைண்ட்க்ரைம்' எதிர்பார்த்துப் போகாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

கடைசியாக 'ஹோம் அகெய்ன்'. பதினோராவது பாட்டு. தூரத்தில் இருக்கும் அப்பாவும் வீட்டில் இருக்கும் மகளும் மாறி மாறிப் பாடுகிறார்கள். மகளாகப் பாடுவது டேட்டின் சொந்த மகள் எமிலி, அப்போது சின்னப் பெண். சில பேருக்கு இது சினிமாத்தனமாகப் பட்டது, குழந்தையை வைத்து அழ வைக்கிறார்கள் என்றார்கள். அந்தக் குரலைக் கவனித்துக் கேளுங்கள். பயிற்சி பெற்ற குரல் இல்லை. சுருதியை எட்டிப் பிடிக்க எம்புகிறது. தயாரிப்பாளர் நினைத்திருந்தால் அதைச் செதுக்கி மழமழவென்று ஆக்கியிருக்கலாம், செய்யவில்லை. பத்துப் பாட்டாக வீரர்களின் தடித்த, களைத்த குரல்களையே கேட்டுவிட்டு வருகிற காதில் அந்த மெல்லிய குரல் விழும்போது, இத்தனை நேரமும் இந்த வீட்டில் ஒருவர் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைக்கிறது.

அங்கேயே நிறுத்தியிருந்தால் நண்பர் சொன்ன விளம்பரம் ஆகியிருக்கும். ஆல்பம் அங்கே நிற்கவில்லை. அடுத்து 'தி வாய்ஸ்' வருகிறது, சாவுக்குப் பக்கத்தில் நிற்கிற ஒருவனின் பாட்டாகத்தான் எனக்கு அது கேட்கிறது. மகள் பாடி முடித்த கையோடு அதை வைத்திருக்கிறார்கள். அப்பா வீட்டுக்கு வந்தாரா இல்லையா என்று கடைசிவரை சொல்லவில்லை. எத்தனை தடவை கேட்டாலும் அந்த இரண்டு பாட்டுக்கும் நடுவில் வருகிற சில நொடி இடைவெளியில் நான் ஹெட்போனைக் கழற்றிவிடுகிறேன், கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி மாட்டுகிறேன்.