மூன்று வரி ரிவ்யூவுக்கு அரை வருஷக் காத்திருப்பா?

ஆய்வுப் பேப்பரை ஜர்னலுக்கு அனுப்பினால், அதே துறைக்காரர்கள் ரெண்டு மூன்று பேர் பேர் சொல்லாமல் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும்; அதுதான் ரிவ்யூ. போர்ட்டலில் 'அண்டர் ரிவ்யூ' என்று மாசக்கணக்கில் அப்படியே நிற்கும். கடைசியில் வருவது மூன்று வரி: "புதுமை போதாது. ஆங்கிலம் சரியில்லை. கீழ்க்கண்ட ஏழு கட்டுரைகளையும் சைட் பண்ணவும் (மேற்கோள் காட்டவும்)." ஏழையும் எழுதியவர் ஒரே ஆள். பேர் தெரியாத ரிவ்யூவராம்!

முதல் ரிவ்யூவர் சாம்பிளைக் கூட்டு என்பார்; அடுத்தவர் பாதி டேட்டாவைத் தூக்கு என்பார். எது சரியென்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய எடிட்டரோ ரெண்டையும் ஒன்றாக ஒட்டி 'மேஜர் ரிவிஷன் (பெரிய திருத்தம்), 30 நாள்' என்று தள்ளிவிடுகிறார். தபால்காரர் வேலைக்கு எடிட்டர் பதவி எதற்கு?

ரிஜெக்ட் ஆனவன் புலம்பல் என்று இதை ஒதுக்காதீர்கள். 2014-ல் நிப்ஸ் என்ற செயற்கை நுண்ணறிவு ஆய்வு மாநாட்டில் (இப்போது நியூரிப்ஸ்) 166 பேப்பர்களைத் தனித்தனியே ரெண்டு குழுக்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு குழு ஏற்றவற்றில் பாதிக்கு மேல் மற்ற குழுவிடம் தள்ளுபடி. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்காரர்கள் ஒரு கட்டுரையில் வேண்டுமென்றே 8 பிழைகளைப் புகுத்தி ரிவ்யூவர்களுக்கு அனுப்பினார்கள்; 1998-ல் முடிவு வெளியானது. சராசரியாகப் பிடிபட்டவை வெறும் ரெண்டு!

ஏன் பிடிபடும்? ரிவ்யூவுக்கு ஆள் கிடைப்பதே குதிரைக்கொம்பு. ஒத்துக்கொண்ட பேராசிரியரும் அதைத் தன் பிஎச்டி மாணவன் தலையில் கட்டுவார். மெத்தட்ஸையும் (ஆய்வு செய்த முறை) சப்ளிமென்டரி ஃபைலையும் (கூடுதல் தரவு) திறந்து, போட்ட புள்ளியியல் சோதனை டேட்டாவுக்குப் பொருந்துகிறதா, விட்டுவிட்ட சாம்பிள்களுக்குக் காரணம் சொல்லியிருக்கிறதா என்று பார்க்க ஒரு முழு நாள் போய்விடும். அப்ஸ்ட்ராக்ட் என்ற சுருக்கத்தையும் நாலு படத்தையும் மேய்ந்துவிட்டு கமென்ட் எழுத அரை மணி நேரம் போதும். முழு நாள் உழைத்தவருக்கும் அரை மணியில் முடித்தவருக்கும் வருவது அதே நன்றி மெயில்தான். இந்த ஓசி உழைப்பின் மேல் உட்கார்ந்துகொண்டு பதிப்பகம் ஓப்பன் ஆக்சஸ் (யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடுவது) கட்டணமாக எழுதியவரிடம் ஆயிரக்கணக்கில் டாலர் கேட்கும்.

சைட்டேஷன் மிரட்டலுக்கு மட்டும் பணியாதீர்கள். அந்தக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் ஏன் பொருந்தாது என்று பதில் கடிதத்தில் எழுதுங்கள். எடிட்டருக்குத் தனிக் குறிப்பில் 'கோப்' (COPE, பதிப்பு நெறிமுறைக் குழு) நெறிமுறையைக் காட்டுங்கள்; தன் சைட்டேஷனைப் பெருக்கிக்கொள்ள ரிவ்யூவர் இப்படிக் கேட்கக் கூடாதென்று அதில் தெளிவாகவே இருக்கிறது. முட்டிக்கொள்ளும் கமென்ட்களை அருகருகே வைத்து, திருத்தத் தொடங்கும் முன்பே, "இதில் எது வேண்டும், நீங்களே முடிவு சொல்லுங்கள்" என்று எடிட்டரிடம் எழுத்தில் கேளுங்கள். முடிவு சொல்லத்தானே அங்கே இருக்கிறார்?

ரிவ்யூவைப் பேப்பரோடு சேர்த்து வெளியிட்டால் மூன்று வரி எழுதக் கொஞ்சம் கூச்சமாவது வரும். மூலக்கூறு உயிரியல் இதழான எம்போ ஜர்னல் அதை 2009-லேயே தொடங்கிவிட்டது. நேச்சர் தன் புதிய ஆய்வுக் கட்டுரைகள் எல்லாவற்றுக்கும் கொண்டுவர 2025 ஆயிற்று. மிச்சப்பேர் எந்த நல்ல நேரத்துக்குக் காத்திருக்கிறார்கள்?